கடைசலில் பிறந்த பேனா

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு, பூப்பாறை வழியாகச் சின்னக்கானலுக்கு நாம் பேருந்தில் சென்ற நாளில், நம் சட்டைப் பையில் ஒரு பழைய ஊற்றுப் பேனா இருந்தது. அடிவாரத்தில் வெயில் கொளுத்திற்று. வளைவுக்கு வளைவு காற்றுக் குளிர்ந்தது. ஏலத்தோட்டங்களையும் தேயிலைச் சரிவுகளையும் கண்டு மகிழ்ந்தவாறு இறங்கியபோதுதான், நெஞ்சுக்கு நேரே உள்ளங்கையளவு நீலக் கறை படர்ந்திருப்பதைக் கண்டோம். பேனாவின் மூடியைத் திறந்தால் உள்ளே மை நிறைந்து நின்றது.

நாம் தங்கச் சென்ற வீட்டிற்கு அண்டையில் ஒரு பெரியவர் இருந்தார். தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். வயது எண்பதைக் கடந்தவர். நம் சட்டையைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். “தம்பி, பாதி மையோடு மலை ஏறக் கூடாது. ஒன்று, வாய் வரை நிரப்பிக்கொண்டு வர வேண்டும். இல்லாவிட்டால் காலி செய்துவிட்டு வர வேண்டும். கீழே அடைபட்ட காற்று மேலே வந்தால் சும்மா இருக்குமா?” என்றார்.

அவர் கூறியது முற்றிலும் உண்மை. அடிவாரத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறும்போது வெளியே உள்ள காற்றின் அழுத்தம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கேனும் குறைந்துவிடுகிறது. பேனாவின் உள்ளே இருக்கும் காற்று விரிகிறது. விரிந்த காற்று மையை முள்ளின் வழியே தள்ளுகிறது. பேனா நிறைய மை இருந்தால் விரிவதற்குக் காற்றே இராது. பள்ளியில் நாம் படித்து மறந்த பாடத்தை அம்முதியவர் மலையில் வாழ்ந்தே கற்றிருந்தார்.

பிறகு அவர் தம் பேனாவைக் கொணர்ந்து காட்டினார். கருநிறம், வழவழப்பான உடல், பிடித்தால் கைக்கு இதமான கனம். தொழிற்சாலையில் வார்த்ததன்று, கடைசல் பட்டறையில் ஒருவர் கையால் கடைந்தது. எழுதப் படிக்க அறியாத தொழிலாளர்கள் பலருக்கு அப்பேனாவால் அவர் கடிதம் எழுதித் தந்திருக்கிறார். இம்மலைத் தொடரில் 1877ஆம் ஆண்டில் பூஞ்சாற்று அரசரிடமிருந்து மன்றோ என்னும் ஆங்கிலேயர் நிலம் பெற்ற பிறகு தோட்டங்கள் பெருகின. அவற்றில் உழைக்கத் தமிழ் மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் ஏறி வந்தனர். 1956ஆம் ஆண்டில் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இப்பகுதி கேரளத்தோடு சேர்ந்தது. ஊரில் உள்ள தாய்க்குப் பணம் அனுப்பிய செய்தி, தங்கை திருமணத்திற்கு வர இயலாத வருத்தம், பிள்ளை பிறந்த மகிழ்ச்சி ஆகிய யாவும் அந்த ஒரு முள்ளின் வழியே மலையிறங்கிச் சென்றன.

அப்பேனாவின் கழுத்தில் இப்போது கீறல் விழுந்துவிட்டது. “கீழே போனால் இதற்குக் கழுத்துக் கடைந்து தருகிறவர் யாராவது இருப்பாரா என்று பார்த்துச் சொல்லுங்கள், தம்பி” என்று அவர் அதை நம்மிடம் ஒப்படைத்தார். அந்தப் பேனாவைக் கையில் ஏந்தியபோதுதான், கடைசலில் பிறக்கும் பேனாவின் வரலாற்றை அறிய வேண்டும் என்னும் ஆவல் நமக்கு எழுந்தது.

தமிழில் ‘கடைதல்’ என்னும் சொல் இரு தொழிலைக் குறிக்கும். தயிரைக் கடைவதும் கடைதலே; மரத்தை உருட்டி உளியால் செதுக்குவதும் கடைதலே. பழைய கடைசல் பட்டறையைக் கண்டவர்க்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். மத்தில் கயிற்றைச் சுற்றி இப்பாலும் அப்பாலும் இழுப்பது போலவே, மரக்கட்டையைச் சுற்றிய கயிற்றை ஒருவர் மாறி மாறி இழுப்பார். மற்றொருவர் உளியைப் பிடிப்பார். அம்பாசமுத்திரத்து மரச்செப்புச் சாமான்களை வைத்து விளையாடாத பழந்தமிழ்க் குழந்தை அரிது. அச்சிறு குடமும் அடுப்பும் கடைசலில் பிறந்தவையே. ஆகவே, பேனா கடைவதற்கு வேண்டிய கைத்திறன் நம் நாட்டிற்குப் புதியதன்று. கடைவதற்கு உரிய பொருளும், மை இறங்கும் நுட்பமுமே புதியவை.

முன்னர் நம்மவர் ஓலையில் எழுத்தாணியால் கீறினர். பின்னர் மை தடவினர். ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று அஞ்சி, மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இடாமலே பலர் எழுதிச் சென்றனர். சுவடிகளைப் பதிப்பித்தோர் இதனால் பட்ட தொல்லை பெரிது. எழுதும் கருவி மாறினால் எழுத்தின் உருவமும் மாறும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? தாளும் இறகும் நாணற்குச்சியும் வந்த பின்னரும், ஒவ்வொரு சொல்லுக்கும் மைக்கூட்டைத் தேடும் தொல்லை நீங்கவில்லை.

மையைத் தன்னுள்ளே கொண்ட பேனாவுக்குப் பாரிஸ் நகரில் 1827ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் பெட்ராக்கே போயனாரு என்னும் ருமேனிய மாணவர். ஆயினும், சீராக எழுதும் பேனா உருவாக மேலும் அரை நூற்றாண்டு கடந்தது. நியூயார்க்கில் லூயிஸ் எட்சன் வாட்டர்மன் 1884ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற அமைப்பே உலகெங்கும் பரவிற்று. அதன் உட்கருத்து மிக எளியது. மை வெளியே வரவேண்டுமானால், வெளியேறும் மையின் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். முள்ளின் அடியில் நாக்குப் போன்ற ஒரு துண்டு உண்டு. அதில் மயிரிழை போன்ற கீற்றுகளை வெட்டினால், மை கீழிறங்கவும் காற்று மேலேறவும் வழி கிடைக்கும். கீற்று அகன்றால் மை கொட்டும். குறுகினால் எழுத்து வறளும். பேனாக் கலையின் உயிர்நிலை இந்த நாக்கில்தான் இருக்கிறது.

இனி, உடலாகும் பொருளைப் பார்ப்போம். இரப்பர்ப் பாலிலிருந்து பெற்ற இரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் அது உறுதி பெறும் என்பதை அமெரிக்கராகிய சார்லஸ் குட்இயர் 1839ஆம் ஆண்டில் கண்டார். கந்தகம் சிறிதளவு சேர்ந்தால் வண்டிச் சக்கரத்திற்குரிய இரப்பர் ஆகும். ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது பங்கு அளவிற்குச் சேர்த்து நெடுநேரம் சூடேற்றினால் கருங்காலி மரம் போலக் கறுத்து இறுகிவிடும். இதுவே எபனைட். அவருடைய உடன்பிறந்தார் நெல்சன் குட்இயர் 1851ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். எபனைட்டை மை அரிப்பதில்லை. உளிக்கு அது இணங்கும், மெருகேற்றினால் பளபளக்கும், குளிர்காலத்திலும் கைக்குச் சில்லிடாது.

சின்னக்கானலின் குளிரில் இரப்பர் மரம் வளராது. ஆனால், இம்மலைகளிலிருந்து மேற்கே இறங்கினால் பெரியாற்றங்கரையில் தட்டேக்காடு என்னும் ஊர் இருக்கிறது. வாணிக நோக்கில் அமைந்த இந்தியாவின் முதல் இரப்பர்த் தோட்டம் 1902ஆம் ஆண்டில் அங்கேதான் தொடங்கிற்று. தேயிலைத் தோட்டத்தின் எழுத்தர் கையில் இரப்பர் மரத்தின் வழி வந்த பேனா இருந்தது என்பதை எண்ணும்போது, மலையும் அடிவாரமும் நமக்கு ஒன்றாகவே தோன்றுகின்றன.

நம் நாட்டில் கைக்கடைசல் பேனாவின் புகழ்பெற்ற தாயகம் கோதாவரிக் கரையில் உள்ள இராஜமுந்திரி. 2015ஆம் ஆண்டு முதல் அதன் பெயர் இராஜமகேந்திரவரம். அங்கே கோசூரி வெங்கடரத்தினம் என்னும் பொற்கொல்லர் இருந்தார். அவர் 1921ஆம் ஆண்டில் காந்தியடிகளைச் சந்தித்தார் என்றும், குண்டூசி முதல் பேனா வரை மக்களுக்குப் பயன்படும் ஏதேனும் ஒரு பொருளை நம் நாட்டிலேயே செய்யுமாறு அடிகள் கூறினார் என்றும் அக்குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவருகின்றனர். பல ஆண்டுகள் முயன்று, 1932ஆம் ஆண்டில் அவர் தம் முதற் பேனாவைச் செய்து முடித்தார். ‘இரத்தினம் பேனா’ என்னும் பெயர் அவ்வாறு பிறந்தது.

இவ்வரலாற்றில் நாம் ஊன்றி நோக்க வேண்டிய இடம் இனித்தான் வருகிறது. அவர் முதலில் அடிகளுக்கு அனுப்பிய பேனாவில் சில பகுதிகள் வெளிநாட்டில் செய்தவையாக இருந்தமையால், அடிகள் அதனை ஏற்கவில்லை என்பர். உடல் நம்முடையது, முள் அயலாருடையது என்றால், எழுதுவது யாருடைய பேனா? இக்கேள்விக்கு விடை காண்பதற்காக இரத்தினம் மீண்டும் பட்டறைக்குத் திரும்பினார். பொன்னைத் தகடாக்கி, வளைத்து, பிளக்கும் குலத்தொழில் அவருக்குக் கைகொடுத்தது. எல்லாப் பகுதியும் தம் பட்டறையில் ஆன பேனாவை மறுபடியும் அனுப்பினார். அதைப் பெற்றுப் பயன்படுத்திய காந்தியடிகள், கடைகளில் காணும் அயல்நாட்டுப் பேனாக்களுக்கு ஈடாக நிற்கத்தக்கது என்னும் கருத்துப்பட 1935ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 16ஆம் நாள் நன்றி தெரிவித்துக் கடிதம் எழுதினார்.

அப்பேனா அடிகளின் கையைச் சேர்ந்தது ஒரு தமிழர் வழியாக என்பது நம்முள் பலர் அறியாத செய்தி. அவர் ஜே. சி. குமரப்பா. 1892ஆம் ஆண்டில் தஞ்சாவூரில் பிறந்தவர். அயல்நாடுகளில் கணக்கியலும் பொருளாதாரமும் பயின்றவர். 1934ஆம் ஆண்டு இறுதியில் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தை வார்தாவில் நடத்தியவர் அவரே. தமிழ்நாட்டை விட்டு நெடுந்தொலைவு சென்று பணியாற்றிய அவரும் ஒரு வகையில் நம்மைப் போன்றவர் அன்றோ? இயற்கை மீண்டும் மீண்டும் தரக்கூடியவற்றைச் சார்ந்து நிற்கும் வாழ்வே நிலைத்த வாழ்வு என்பது அவர் கொள்கை. தம் இறுதிக் காலத்தை மதுரையை அடுத்த கல்லுப்பட்டியில் கழித்து, 1960ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் அவர் மறைந்தார். தீர்ந்ததும் எறியும் பேனாவையும், மை தீர்ந்தால் ஊற்றி எழுதும் பேனாவையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அவர் கொள்கை நமக்குத் தெளிவாகும்.

இராஜமுந்திரியில் இரத்தினத்தைத் தொடர்ந்து கைடர், பிரம்மம் முதலிய பெயர்களிலும் பேனாக்கள் எழுந்தன. சென்னையில் பாரிமுனைப் பகுதியில் ஜெம் நிறுவனம் ‘காமா’ பேனாக்களை விற்றது. திருவள்ளூரில் ம. சு. பாண்டுரங்கன் தொடங்கிய ‘ரங்கா’ பட்டறையில் இன்றும் எபனைட் தண்டைக் கையாலேயே கடைகின்றனர். அப்பேனாக்கள் கடல் கடந்தும் செல்கின்றன. சாத்தூரைப் பற்றி நாம் கூறாமல் விடுதல் தகாது. காராச்சேவுக்கும் வெள்ளரிக்கும் பெயர் பெற்ற அவ்வூர், பேனா முள்ளுக்கும் பெயர் பெற்றிருந்தது. எஃகுத் தகட்டை வெட்டி, துளையிட்டு, வளைத்து, பிளந்து, மெருகேற்றி முள் செய்யும் சிறு பட்டறைகள் அங்கே நிறைந்திருந்தன. நம்மில் நடுத்தர வயதைக் கடந்தோர் பள்ளியில் எழுதிய முட்களுள் பல சாத்தூரிலிருந்து வந்தவை.

ஹங்கேரியரான லாஸ்லோ பீரோ 1938ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற பந்துமுனைப் பேனா இந்நிலையை மாற்றிவிட்டது. கசியாது, ஊற்ற வேண்டா, விலையும் மலிவு. முதலில் தயங்கிய பள்ளிகளும் அலுவலகங்களும் பின்னர் அதனை ஏற்றன. சாத்தூரில் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மலிவான பொருளை மக்கள் விரும்பியது குற்றமென்று நாம் கூற மாட்டோம். மலையேறும் போது சட்டையைக் கறையாக்காத பேனாவை எவர்தாம் வேண்டா என்பார்? ஆனால், ஒரு தொழில் மறையும்போது அதைச் செய்த கைகளின் அறிவும் உடன் மறைகிறது. அவ்வறிவை மீண்டும் விலைக்கு வாங்க முடியாது.

அப்பெரியவரின் பேனாவை நாம் தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் உள்ள கடைசல்காரரிடம் கொண்டுசென்றோம். அவர் வேலை செய்யும் முறையை அருகிருந்து கண்டோம். இத்தொழிலைத் தொடங்க எண்ணுவோர்க்கு அது ஒரு நல்ல பாடம்.

சிறிய கடைசல் எந்திரம் ஒன்று. துளையிடும் அலகுகள் சில. மரை வெட்டும் டேப்பும் டையும். நன்கு தீட்டிய உளிகள். இவையே அவருடைய முதல். எபனைட் தண்டில் வேண்டிய அளவை அறுத்து, எந்திரத்தின் பிடியில் மாட்டினார். முதலில் முனையைச் சமமாக்கினார். பின்னர் நடுவே துளையிட்டார். “துளை கோணினால் பேனா கோணும், அவசரப்பட்டால் எபனைட் சூடாகி நாற்றமெடுக்கும்” என்றார். சிறிது துளைப்பதும், அலகை வெளியே எடுத்துத் தூளைத் தட்டுவதும், மீண்டும் துளைப்பதுமாக வேலை நடந்தது. துளை முடிந்த பின் மரை வெட்டினார். உடலும் கழுத்தும் பொருந்தும் இடத்தில் மரை இறுக்கமாக இல்லாவிட்டால் மை கசியும். அதன் பிறகே வெளிப்புறத்தை உளியால் வடிவமைத்தார். நீர் தொட்ட மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, இறுதியில் துணியால் மெருகேற்றினார். பழுப்புப் படிந்த துண்டு கண்ணெதிரே கருங்கண்ணாடி போல் ஒளிர்ந்தது.

புதிதாகத் தொடங்குவோர் முதலில் மூடியும் உடலும் கடைந்து பழக வேண்டும் என்றும், கழுத்தை இறுதியில்தான் தொட வேண்டும் என்றும் அவர் கூறினார். முள்ளையும் நாக்கையும் தாங்குவது கழுத்து. அதன் துளை இழையளவு பெரிதானாலும் முள் ஆடும். சிறிதானால் நாக்கு உடையும். பழைய நாக்கைக் கொதிநீரில் தோய்த்தெடுத்து, இளகிய நிலையில் முள்ளோடு அழுத்திப் பொருத்தினார். எபனைட்டுக்குரிய இந்த இணக்கம் பிளாஸ்டிக்குக்கு அவ்வளவாக இல்லை.

புதிய கழுத்து ஒரு மணி நேரத்தில் ஆயிற்று. முள்ளைப் பார்த்தபோதுதான் அவர் முகம் சற்று வாடிற்று. முள்ளின் நுனியில் இரிடியம் போன்ற கடிய உலோகத்தின் சிறு மணி ஒன்று இருக்கும். தேயாமல் எழுதுவது அதுவே. பல்லாயிரம் வரிகள் எழுதிய அம்மணி தேய்ந்திருந்தது. மாற்று முள்ளுக்காக அவர் ஒரு சிறு பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்தவை ஜெர்மனியில் செய்தவை. “உள்ளூர் முள் இல்லையா?” என்று கேட்டோம். “வடக்கே செய்கிறார்கள், ஐயா. நம் பக்கத்தில் முன் போல இல்லை. உடல் எத்தனை வேண்டுமானாலும் கடைந்து தருவேன். முள்ளுக்கு நான் என்ன செய்ய?” என்றார்.

1930களில் காந்தியடிகள் எழுப்பிய கேள்வி இன்று நம்முன் மீண்டும் வந்து நிற்கிறது. அன்று ஒரு பொற்கொல்லர் அதற்கு விடை கண்டார். கடைசல்காரரின் பெட்டியில் இருந்த முட்களை நாம் வெறுக்கவில்லை; அவை இன்றேல் அவருடைய பட்டறையே மூடப்பட்டிருக்கும். ஆயினும், உலகமே கைக்கடைசல் பேனாவை மீண்டும் விரும்பி வாங்கும் இந்நாளில், முள் செய்து பழகிய நம் ஊர்களில் மீண்டும் ஒரு பட்டறையேனும் எழுமாயின் அத்தொழில் முழுமை பெறும். பம்பாயிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் வாழும் தமிழ் இளைஞருள் எந்திரக் கல்வி பெற்றோர் பலர் உளர். அவர்களுள் ஒருவர் இதில் கருத்தூன்றினாலும் போதும்.

பழைய முள்ளை எறிந்துவிட வேண்டாம் என்று நாம் வேண்டினோம். கடைசல்காரர் அதை நேராக்கி, நுண்கல்லில் மெல்லத் தீட்டித் தந்தார். “இன்னும் ஓராண்டு எழுதும்” என்றார். பேனாவை நன்கு துடைத்து, மை இல்லாமல், அஞ்சலில் மலைக்கு அனுப்பினோம்.

இரு வாரங்களுக்குப் பின் சின்னக்கானலிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நான்கே வரிகள். கழுத்து நன்றாகப் பொருந்தியிருக்கிறது என்றும், முள் சிறிது கரகரக்கிறது என்றும், ஆனாலும் எழுத்துத் தெரிகிறது, அது போதும் என்றும் அவர் எழுதியிருந்தார். ஒவ்வொரு மெய்யெழுத்தின் மீதும் புள்ளி தெளிவாக விழுந்திருந்தது.